பிந்தி வரும் குரல்

மார்டன் மில்ஸ் என்கிற ஊரில் செத்தவர்கள் ஓட்டுப் போடத் தொடங்கியது, ஆற்று வெள்ளம் கீழ்த்தெருவுக்குள் புகுந்துவிட்டுப் போனதற்கு அடுத்த மார்ச் மாதத்தில். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், வெர்மாண்ட் மலைகளுக்கு நடுவே, வழி தவறியவர்கள் மட்டுமே வந்து சேர்கிற ஊர் அது; அங்கே வருஷத்துக்கு ஒருமுறை, மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, ஊரார் எல்லோரும் பழைய மர மண்டபத்தில் கூடி, எந்தச் சாலையைச் செப்பனிடுவது, பள்ளிக்கூடத்துக்கு என்ன வாங்குவது, யாருக்கு எந்தப் பதவி என்று தாங்களே முடிவு செய்துகொள்வார்கள்; கூட்டத் தலைவர் கேட்கும்போது வாயைத் திறந்து ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ சொன்னால் போதும், எந்தச் சத்தம் பெரிது என்று அவர் காதுக்குப் படுகிறதோ அதுதான் அந்த ஊருக்குச் சட்டம். அந்த வருஷம் தீயணைப்பு வண்டிக்குப் புது டயர் வாங்கலாமா என்று கேட்டபோது மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ‘ஆம்’ என்றார்கள். ‘இல்லை’ என்பவர்கள் சொல்லலாம் என்றதும், மேட்டிலிருந்த கல்லறைத் தோட்டத்திலிருந்து, சாத்தியிருந்த சன்னல்களைத் தாண்டி, குளிர்ந்த பெரிய ‘இல்லை’ ஒன்று வந்து மண்டபம் முழுவதும் நிறைந்தது.

கூட்டத் தலைவர் ஹார்லன் பைக் மாட்டுப்பண்ணை வைத்திருப்பவர், எதற்கும் பதறாதவர். தலையைச் சாய்த்துக் கேட்டார், “இல்லைங்கிறதுதான் பெரிசா இருக்கு” என்றார், சுத்தியலை டொக்கென்று தட்டினார், அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். பின் வரிசையில் யாரோ, “அதுல ஒண்ணு எங்க தாத்தா குரல், டயர் வாங்கவே விடமாட்டார்” என்றார்கள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஊர் தன் வழக்கப்படி அதையும் பழகிக்கொண்டது. ஓட்டுப் போடுகிறவர் மூச்சு விடவேண்டும் என்று விதிப் புத்தகத்தில் எங்கும் இல்லையென்று ஹார்லன் தேடிப் பார்த்துச் சொன்னார். கூட்டத்தன்று மதியம் எல்லோரும் வீட்டிலிருந்து கொண்டுவரும் சாப்பாட்டில் ஒரு மேசையை அவர்களுக்கென்று தனியாக வைத்தார்கள். பதவிக்கு நிற்பவர்கள் பிப்ரவரியிலேயே பூட்ஸ் மாட்டிக்கொண்டு மேட்டுக்குப் போய், கல்லறைக் கற்களின் மேலிருந்த பனியைத் தட்டிவிட்டு, ஆளுக்குத் தக்கபடி கொஞ்சம் விஸ்கியோ மேப்பிள் பாகோ ஊற்றிவிட்டு வந்தார்கள். ஆனாலும் மனக்கசப்பு வராமல் இல்லை. இருநூறு வருஷமாக அங்கேயே பிறந்து அங்கேயே செத்த குடும்பங்களுக்கு மேட்டில் பெரிய சேனையே படுத்திருந்தது, நேற்று வந்தவர்களுக்கு ஆள் இல்லை, செத்தவர்களோ பதவி நியமனங்களைத் தவிர மற்ற எதைக் கேட்டாலும் ‘இல்லை’ என்றே சொன்னார்கள்.

நேற்று வந்தவர்களில் ஒருத்தி செண்பகவடிவு. நேற்று என்றால் அந்த ஊர்க் கணக்கில் நேற்று. அவளும் அவள் புருஷன் கோமதிநாயகமும் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து, அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராகி, கீழ்த்தெருவில் ஆற்றங்கரை வீட்டை வாங்கி, பிள்ளை வளர்ந்து கலிபோர்னியாவுக்குப் போய், அவருக்கும் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தாயிற்று. ஊர் அவளை ஷென் என்று கூப்பிட்டது. அவரை ஊர் ஒவ்வொரு வருஷமும் ‘நிலக்கரி எடை பார்ப்பவர்’ பதவிக்குத் தேர்ந்தெடுத்தது. ஊரில் நிலக்கரி எரித்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது, இருந்தாலும் பழைய பதவியை விடக்கூடாது என்று யாராவது ஒரு நல்ல மனுஷனுக்குக் கொடுத்துவைப்பார்கள், அவர் செத்த பிறகும் வேறு ஆளைப் போட யாருக்கும் மனம் வரவில்லை.

நல்ல மனுஷன்தான், ஆனால் கூட்டத்தில் அவர் ஓட்டுப் போடுகிற அழகு ஊருக்கே தெரியும். எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்கமாட்டார். எந்தப் பக்கம் சத்தம் அதிகம் என்று பார்த்துக்கொண்டு, எல்லாம் ஓய்ந்த பிறகு, ஒரு மூச்சு தள்ளி, தனியாக ‘ஆம்’ என்பார், அல்லது தனியாக ‘இல்லை’ என்பார். “வந்த எடத்துல நாம எதுக்கு முந்திக்கிட்டு?” என்று வீட்டில் விளக்கம் வேறு. செண்பகவடிவுக்கு அப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். கூட்டத்தோடு கோவிந்தா போடுவதற்கு இத்தனை கடல் தாண்டி வரவேண்டுமா என்று கேட்பாள்.

அவள் அந்த முதல் மார்ச்சில், ‘இல்லை’ ‘இல்லை’ என்று மண்டபம் அதிர்ந்த ஒவ்வொரு தடவையும், மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிந்திய குரலுக்குக் காத்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் ஹார்லனின் சுத்தியல்தான் விழுந்தது. வராதுதான், அவளுக்கே தெரியும். மேட்டில் படுத்தவர்களுக்குத்தான் குரல், இவரை எரித்தாயிற்று, சாம்பலை அவள் கையாலேயே கொண்டுபோய்ப் பாபநாசத்தில் தாமிரபரணியில் கரைத்தாயிற்று. முறையாகச் செய்ததற்கு இப்படி ஒரு தண்டனையா என்று அன்று வீட்டுக்கு வந்து அழுதாள்.

தம்பி சங்கரலிங்கம் அம்பாசமுத்திரத்திலிருந்து போனில் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

“செத்தவுக ஓட்டுப் போடுதது நம்மூர்ல இல்லாததாக்கா? இங்க அவுகளுக்குப் பதிலா எவனாவது போட்டுட்டுப் போவான், அங்க அவுகளே வந்து போடுதாவ. நம்மளவிட நேர்மையான ஊருதான்.”

“ஒனக்குச் சிரிப்பா இருக்கு. என் வீட்ட என்னல செய்ய?”

வீடுதான் அவளுக்குப் பிரச்சினை. வெள்ளம் வந்த அன்று அவள் சமையல் மேடைமேல் ஏறி நின்று, பரணைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் மார்புவரை வந்து நின்றதைப் பார்த்தவள். பக்கத்து வீட்டு லைல், நாயைத் தேடிப் போனவர், பாலத்துக்கு அடியில்தான் கிடைத்தார். ஆறு வழி கண்டுபிடித்துவிட்டது, இனி வருஷா வருஷம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். சுவரெல்லாம் பூஞ்சை பூத்துப்போன அந்த வீட்டை வாங்க ஆளில்லை, அதை விட்டால் அவளுக்குப் போக இடமில்லை, மகனிடம் போய் அடுத்தவர் சமையலறையில் ஒதுங்கி நிற்கவும் அவளால் ஆகாது. வாஷிங்டன் அரசாங்கம், கீழ்த்தெரு முழுவதையும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம், இடித்துவிட்டு ஆற்றுக்கே விட்டுவிடுகிறோம் என்று முன்வந்தது. ஆனால் ஊர் சம்மதிக்க வேண்டும். அந்த முதல் மார்ச்சில் அதையும் கேட்டார்கள், கீழ்த்தெரு முழுவதும் ‘ஆம்’ என்று கத்தியது, மேட்டிலிருந்து வந்த ‘இல்லை’ அதை நசுக்கிவிட்டது. ஊரின் ஒரு பிடி மண்ணைக்கூட வெளியாளுக்குக் கொடுத்துப் பழக்கமில்லாதவர்கள் அவர்கள். அந்த இரைச்சலில் லைலின் குரலும் இருந்தது. தண்ணீரில் செத்தவரே தண்ணீரை மறந்துபோனதைத்தான் செண்பகவடிவால் தாங்க முடியவில்லை.

இலை உதிர்கிற காலத்தில் வாஷிங்டனிலிருந்து மெரிடித் என்ற அதிகாரி வந்தாள். மரியாதையான பெண், வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள், காப்பியைக் குறை சொல்லாமல் குடித்தாள்.

“இந்த ஊர்ல ஒருத்தர் வாய்விட்டுப் புகார் சொன்னாப் போதும்” என்றாள். “செத்தவங்க குரலால என் உரிமை போகுதுன்னு நீங்க சொல்லுங்க. அப்புறம் நாங்க வரலாம்.”

“வந்து?”

“ஒரு பகல் வேலை. அதுக்கு மேல அந்த மேடு பேசாது. எப்பவும் பேசாது. நீங்க நிம்மதியா வீட்டை வித்துட்டுப் போகலாம்.”

“என்கிட்ட எதுக்கு வந்தீங்க?”

மெரிடித் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். “உங்களுக்கு மேட்டுல யாரும் இல்லைன்னு சொன்னாங்க.”

அடுத்த நாளே விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்தது. டயர்கூட வாங்கவிடாத செத்தவர்களைத் திட்டிக்கொண்டிருந்த அதே ஆட்கள், வாஷிங்டன் என்ற பேரைக் கேட்டதும் ஒன்றாகிவிட்டார்கள். எங்கள் செத்தவர்களை எங்களுக்குப் பார்த்துக்கொள்ளத் தெரியும் என்றார்கள். ஹார்லன் அவள் வீட்டு வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“இன்னைக்கு மேட்டை அடக்குவான், ஷென். நாளைக்கு என் சுத்தியலை வாங்கிட்டுப் போவான். அப்புறம் எந்த ரோட்டுல பனி அள்ளணும்னு அங்க உக்காந்துக்கிட்டுச் சொல்லுவான். மாநிலத் தலைநகரத்துக்காரன் சொல்றதையே நாங்க பாதிதான் கேட்போம்.”

“நான் தண்ணியில நின்னப்போ உங்க சுத்தியல் எங்க இருந்துச்சு, ஹார்லன்?” என்று அவள் கேட்டாள். அது நியாயமான கேள்வி என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அதனால் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கடைசியாக டாரிஸ் வந்தாள். மகனை மேட்டில் புதைத்துவிட்டு மேட்டுச் சாலையில் தனியாக இருப்பவள், செண்பகவடிவோடு சேர்ந்து நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவள். தானே சுட்ட ஆப்பிள் பை பலகாரம் ஒன்று கையோடு கொண்டுவந்தாள், அதை மேசைமேல் வைத்துவிட்டு அழுதாள்.

“என் வென்டல் வருஷத்துக்கு ஒருநாள் ஒரு வார்த்தை பேசறான். ‘இல்லை’ங்கிற வார்த்தைதான், போகட்டும். அதைக் கேக்கத்தான் நான் மத்த நாளெல்லாம் எந்திரிக்கிறேன். அதை எடுத்துடாத ஷென்.”

செண்பகவடிவு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், வாக்குக் கொடுக்கவில்லை. அவளுக்குப் பொறாமையாக இருந்தது, அதுதான் உண்மை; ஒரு வார்த்தையாவது கிடைக்கிறவள், ஒன்றுமே கிடைக்காதவளிடம் வந்து கெஞ்சுகிறாளே என்று கசந்தது. மார்ச் கூட்டத்தில் இன்னொரு முறை கேட்டுப் பார்ப்பது, அங்கேயும் ‘இல்லை’ என்றால் அந்த மண்டபத்திலேயே மெரிடித்திடம் சொல்லிவிடுவது என்று அன்றே முடிவு செய்தாள்.

இரண்டாவது மார்ச் வந்தது. மண்டபத்தில் உட்கார இடமில்லை; பின்சுவரோரம் மெரிடித் நின்றாள், வெளியூர் ஆள் என்பதால் கூட்டத்தின் அனுமதி இல்லாமல் அவள் பேசக்கூடாது, அனுமதி கொடுக்க ஒருவருக்கும் மனமில்லை. செண்பகவடிவு எலுமிச்சம் சாதத்தைச் செத்தவர்கள் மேசையில் வைத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். கீழ்த்தெருவை ஆற்றுக்கு விடலாமா என்று ஹார்லன் வாசித்தார். வாஷிங்டன்காரி பார்த்துக்கொண்டிருக்கிறாள், நாளைக்கு ஒரு குறை சொல்லிவிடக் கூடாது என்று அவர் அன்று ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே மெதுவாகச் செய்தார். அதுதான் எல்லாவற்றையும் மாற்றியது.

‘ஆம்’ என்றவர்கள் சொன்னார்கள், கீழ்த்தெருவின் தொண்டை வலித்தது. ‘இல்லை’ என்றவர்கள் சொன்னார்கள், மேட்டிலிருந்து பனிக்காற்றோடு கிளம்பி, கொல்லர்களும் ஆலைக்காரிகளும் பிறந்தவுடன் போன பிள்ளைகளும் போரில் போன பையன்களுமாகச் சேர்ந்து சொன்ன அந்த ‘இல்லை’ வந்து, கண்ணாடிகளை அதிரவைத்துவிட்டு ஓய்ந்தது. ஹார்லன் சுத்தியலைத் தூக்கினார், உடனே போடவில்லை, விதிப்படி எல்லோரும் சொல்லி முடித்தார்களா என்று மண்டபத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். அந்த அமைதியில், மேட்டுப் பக்கமிருந்து அல்ல, கீழே ஆற்றுப் பக்கமிருந்து, ஒரு மூச்சு தள்ளி, தண்ணீர் கலந்த மாதிரி மெலிந்த ஒரு குரல் தனியாக ‘இல்லை’ என்றது.

மண்டபமே திரும்பி அவளைப் பார்த்தது. அது யார் குரல் என்று யாருக்கும் யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. தகனம் செய்த இடத்தில் சாம்பலைப் பிளாஸ்டிக் டப்பாவில் கொடுத்திருந்தார்கள்; ஊருக்குக் கொண்டுபோக அதைச் செம்புக்கு மாற்றிவிட்டு, டப்பாவில் ஒட்டியிருந்ததை அலம்பி, அந்தத் தண்ணீரைக் கண்ட இடத்தில் ஊற்றக்கூடாது, கால்படாத இடத்தில் ஊற்றவேண்டும் என்று, கொல்லையில் வேலியோரம் இருந்த லைலாக் செடிக்கு அடியில் ஊற்றினாள். அலம்பிய தண்ணீர்தான். அந்த அளவுக்கு அவர் இந்த ஊர்க்காரர் ஆகியிருந்தார். போன மார்ச்சிலும் சொல்லியிருப்பார், சுத்தியல் சத்தத்தில் கேட்டிருக்காது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, எல்லாவற்றுக்கும் மேலே கோபம் வந்தது. எழுந்து நின்று, தமிழிலேயே, ஆற்றுப் பக்கத்துச் சன்னலைப் பார்த்துக் கத்தினாள்.

“செத்தும் கூட்டத்தோட கோவிந்தாதானா? நான் பரணப் பிடிச்சுத் தொங்குனது ஒங்களுக்குத் தெரியாதா? அந்த வீட்டுலயே கெடந்து என்னையும் வரச் சொல்லுதீங்களா?”

பிறகு பின்சுவரைப் பார்த்து, எல்லோருக்கும் புரிகிற பாஷையில் சொன்னாள். “மெரிடித், நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்தேன். இனிமே சொல்லமாட்டேன். எனக்கும் ஒருத்தர் பேசறார். நீங்க போகலாம்.” அதைச் சொன்னபோதே தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே கதவைத் தானே சாத்திவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

“ஹார்லன், பிரிஞ்சு நிக்கணும்னு கேக்கறேன்.”

சத்தத்தில் சந்தேகம் இருந்தால், ஏழு பேர் எழுந்து கேட்டால், ‘ஆம்’ என்பவர்கள் இடதுசுவருக்கும் ‘இல்லை’ என்பவர்கள் வலதுசுவருக்கும் நடந்துபோய் நிற்கவேண்டும் என்பது அந்த ஊரின் பழைய விதி. கீழ்த்தெருவே எழுந்துவிட்டது. உயிருள்ளவர்கள் நடந்தார்கள், கீழ்த்தெரு இடது பக்கமும், மேட்டுச்சாலை வாஷிங்டன்மேல் உள்ள கோபத்தில் வலது பக்கமும். அதற்குப் பிறகு கதவு திறந்தது, குளிர் உள்ளே வந்தது, யாரும் இல்லாத இடத்தில் தரைப்பலகைகள் ஒவ்வொன்றாக முனகின, முனகல் எல்லாம் வலதுசுவரை நோக்கியே போனது. எண்ணுவதற்கு வழியில்லை என்பதால் ஹார்லன் சாப்பாட்டு மேசையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்து நடுவில் வைத்தார். பழைய மண்டபம் கனத்தில் சாய்ந்திருந்தது. ஆப்பிள் வலது பக்கமாக உருண்டது.

செண்பகவடிவு இடதுசுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, ஒரு பலகையின் முனகல் நடுவழியில் தயங்கி நிற்பதைக் கேட்டாள். எந்தப் பக்கம் கூட்டம் என்று பார்த்துக்கொண்டு நிற்கிற தயக்கம் அது. இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா.

“அங்க பாக்காதீங்க, என்னப் பாருங்க” என்றாள், இந்தத் தடவை மெதுவாக. “இங்க வாங்க. ஒரே ஒரு தடவ யாரையும் பாக்காம எம்பக்கம் வாங்க.”

பலகை முனகியது. அடுத்த பலகை. அவளுடைய இடது தோளுக்குப் பக்கத்தில் குளிர் வந்து நின்றது, ஈர மண்ணும் லைலாக்கும் சேர்ந்த வாசனை அடித்தது.

வலதுசுவரில் நின்ற டாரிஸ் இதையெல்லாம் பார்த்தாள். மெரிடித் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போவதையும் பார்த்தாள். இனிப் பயப்பட ஒன்றுமில்லை, தன் வென்டலை யாரும் எடுத்துக்கொண்டு போகப்போவதில்லை. அது தெளிந்ததும் அவளுக்கு வெட்கம் வந்தது. மண்டபத்தைக் குறுக்கே கடந்து செண்பகவடிவின் பக்கம் வந்து நின்றுகொண்டு, பின்னால் திரும்பி, சாப்பிடக் கூப்பிடுகிற குரலில், “வென்டல், இந்தப் பக்கம் வா” என்றாள். வென்டல் வந்தான். பிறகு ஒருவர் பின் ஒருவராக, அப்பாவை, அத்தையை, பால்குடி மறக்காத பிள்ளையை, பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஜனங்கள் குறுக்கே கடந்தார்கள், அவர்கள் பின்னால் பலகைகள் முனகிக்கொண்டே வந்தன. அதுவரைக்கும் அவர்களிடம் எல்லோரும் எதையாவது கேட்டதுதான் உண்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லைலை, வெள்ளத்தில் பிழைத்துவந்த அவருடைய நாய் குரைத்துக் கூப்பிட்டது. ஆப்பிள் நின்றது, யோசித்தது, இடது பக்கமாக உருளத் தொடங்கி, செண்பகவடிவின் காலில் வந்து முட்டியது.

சுத்தியல் விழுந்தது. வீட்டுக்கு உரிய விலை வந்தது. அவள் டாரிஸ் வீட்டு மாடிக்குக் குடிபோனாள். பனி உருகி மண் இளகியதும் லைலாக்கை வேரோடும் மண்ணோடும் பெயர்த்து மேட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று இருவரும் பேசிவைத்திருந்தார்கள், மண்வெட்டிகூட வாங்கியாயிற்று. ஆனால் ஏப்ரலில் ஒரு மழைநாள் காலையில் மலைப்பனியெல்லாம் ஒன்றாக உருகி வந்தது. அரசாங்கத்தின் இயந்திரங்கள் வருவதற்கு முன்பே ஆறு வந்துவிட்டது. மாடி சன்னலில் நின்று செண்பகவடிவு, தன் வீடு பெயர்ந்து திரும்பிக்கொண்டு போவதையும், அதற்கு முன்னாலேயே கொல்லை வேலியும் லைலாக்கும் அது நின்ற மண்ணும் போய்விட்டதையும் பார்த்தாள். வீட்டுக்குள் இருந்திருந்தால் அவளும் போயிருப்பாள். அன்று அவர் தன் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது இதற்காகத்தான் என்று நினைத்தபோது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

மூன்றாவது மார்ச்சில் முதல் விஷயமாகப் பதவி நியமனங்கள் வந்தன. நிலக்கரி எடை பார்ப்பவர் பதவிக்குக் கோமதிநாயகம் என்று ஹார்லன் வாசித்தார். மண்டபம் ‘ஆம்’ என்றது, செண்பகவடிவும் ‘ஆம்’ என்றாள். மேடும் ‘ஆம்’ என்றது. ஹார்லன் சுத்தியலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், போடவில்லை. யாரும் இருமவில்லை. மேட்டிலிருப்பவர்களும் பேசாமல் காத்திருந்தார்கள். ஊர் முழுவதும் ஆற்றுப் பக்கம் காதை வைத்துக்கொண்டு, ஒரு மூச்சு, அதற்குப் பிறகு இன்னொரு மூச்சு என்று காத்திருந்தது. கீழே வெறும் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது, ஹார்லனின் கிழட்டுக் கையில் சுத்தியல் மெல்லத் தாழத் தொடங்கியது.

செண்பகவடிவுக்குத் தம்பி போனில் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. தலையைக் குனிந்துகொண்டு, எல்லோருக்கும் பிந்தி, தனியாக, கொஞ்சம் கட்டைக் குரலில் இன்னொரு தடவை ‘ஆம்’ என்றாள்.

மார்டன் மில்ஸ் ஊர்க்கூட்டத்தில் விழுந்த முதல் கள்ள ஓட்டு அதுதான். அது யார் குரல் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஹார்லன் கேட்டுக்கொண்டார், சுத்தியலைத் தட்டினார்.